வாசல் கேமராவுக்கு ஒப்புதல் கொடுத்தது யார்?

வீட்டு வாசலில் இணையக் கேமரா, கூடத்தில் பேச்சைக் கேட்டுப் பதில் சொல்லும் ஸ்பீக்கர், சுவரில் ஸ்மார்ட் டிவி ஆகியவற்றை வைத்திருப்பதாகச் சொல்லி, 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டதால் இவை திரட்டும் விவரங்கள் பாதுகாப்பாக இருக்கும் என்று நம்பலாமா, தவறு நடந்தால் யாரிடம் முறையிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சட்டம் உங்களுக்குச் சில உறுதியான உரிமைகளைத் தருகிறது. ஆனால் அதன் முக்கியமான பிரிவுகள் 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வருகின்றன. அதற்குப் பிறகும், சாதனத்தின் கணக்கைத் தொடங்கியவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, அதே கேமராவின் முன்னால் தினமும் வந்து நிற்கும் மற்றவர்களுக்கு அதே அளவில் கிடைக்காது. இந்த இரண்டாவது விஷயம்தான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது என்பதால் பதிலின் பெரும்பகுதி அதைச் சுற்றியே இருக்கும்.

ஒரு சாதனம் வீட்டுக்குள் வரும்போது என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஊரில் தனியாக இருக்கும் என் பெற்றோருக்காக வாசல் கேமரா ஒன்றை வாங்கி நானே பொருத்தினேன். பெட்டிக்குள் இருந்த தாளில் ஒரு க்யூஆர் குறியீடு இருந்தது. அதை ஸ்கேன் செய்ததும் செயலி இறங்கியது. செயலி கைபேசி எண்ணைக் கேட்டது, பிறகு இருப்பிடத்தைக் கேட்டது, இருப்பிடம் தராவிட்டால் வைஃபையைத் தேட முடியாது என்றது. அடுத்த திரையில் நீண்ட ஆங்கில உடன்படிக்கையும் அதன் அடியில் ஒரே ஒரு பொத்தானும் இருந்தன. என் தாயாருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. பொத்தானை அழுத்தியது நான். அந்தக் கேமரா பார்ப்பதோ என் தாயாரையும், விடியற்காலையில் பால் ஊற்ற வருபவரையும், பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவையும், எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களையும். அழுத்தாமல் விட்டிருந்தால் காசு கொடுத்து வாங்கிய பொருள் வேலையே செய்யாது. அன்று இரவு ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து பார்த்தபோது, வாசலில் யாரும் இல்லாத நேரத்திலும் அது வெளியே உள்ள சர்வர்களோடு பேசிக்கொண்டே இருந்தது. அதில் சதி ஏதும் இருந்ததாக நான் சொல்லவில்லை. இத்தகைய சாதனங்களில் பல இப்படித்தான் அமைக்கப்படுகின்றன. வாசலில் எடுத்த படம் முதலில் நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கிருந்துதான் அதே வீட்டில் இருக்கும் உங்கள் கைபேசிக்கு வருகிறது.

இப்படிப் போகும் தரவு எவ்வளவு பேசும் என்பதற்கு, அமெரிக்கத் தொலைக்காட்சித் தயாரிப்பாளரான விசியோ மீதான வழக்கு நல்ல சான்று. அந்த நிறுவனம் 2014 முதல் ஏறத்தாழ 1.1 கோடி தொலைக்காட்சிகளில், திரையில் ஓடுவது எது என்பதை நொடிக்கு நொடி கண்டறியும் வசதியை இயக்கி வைத்து, அந்தப் பார்வைப் பழக்கத்தை வீட்டின் இணைய முகவரியோடு சேர்த்து விளம்பரத் துறைக்கு விற்றது என்று அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம் குற்றம் சாட்டியது. 2017 பிப்ரவரியில் 22 லட்சம் டாலர் செலுத்தி விசியோ வழக்கை முடித்துக்கொண்டது. அமைப்புகளின் பட்டியலில் அந்த வசதிக்கு வைக்கப்பட்டிருந்த பெயரைப் படித்து, இது நம்மைக் கண்காணிக்கிறது என்று எவராலும் ஊகித்திருக்க முடியாது.

கேமராவும் மைக்கும் இல்லாத பொருள்கூட இதையே செய்ய முடியும். மின்சார மீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்சாதனப்பெட்டி, கிரைண்டர், வெந்நீர் ஹீட்டர் ஒவ்வொன்றும் மின்சாரத்தை இழுக்கும் விதம் தனித்தனியானது. வீட்டின் மொத்தப் பயன்பாட்டை மட்டும் அளந்து, எந்தக் கருவி எப்போது ஓடியது என்று பிரித்தறியும் முறையை உருவாக்கிய ஜார்ஜ் ஹார்ட் என்ற அமெரிக்க ஆய்வாளரே, இது வீடுகளைக் கண்காணிக்கும் கருவியாக மாறக்கூடும் என்று 1989இல் எழுதி எச்சரித்தார். இந்தியாவில் 25 கோடி ஸ்மார்ட் மீட்டர்களைப் பொருத்துவது அரசின் இலக்கு. சென்னை தியாகராய நகரில் முன்னோட்டமாகவே பொருத்தப்பட்டுவிட்டன. வீட்டார் எப்போது எழுகிறார்கள், எந்த வாரம் ஊரில் இல்லை என்பதெல்லாம் அந்த எண்களில் தெரியும். நெதர்லாந்தின் மேலவை 2009இல் ஸ்மார்ட் மீட்டரைக் கட்டாயமாக்கும் மசோதாவை ஏற்க மறுத்ததற்குத் தனியுரிமையே முக்கியக் காரணம். அமெரிக்காவின் நேப்பர்வில் நகரில் 15 நிமிடங்களுக்கு ஒருமுறை அளவு எடுப்பது அரசியலமைப்பின் நோக்கில் வீட்டைச் சோதனையிடுவதற்கு நிகர் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் சொன்னது. எனினும் அந்தச் சோதனை நியாயமான காரணத்துக்காகவே நடக்கிறது என்று கூறி அனுமதித்தது. இங்கே மீட்டரை வேண்டாமென்று சொல்லும் வாய்ப்பு நடைமுறையில் நுகர்வோருக்குக் கிடையாது. ஆகவே இதில் ஒப்புதல் என்ற சொல்லுக்குப் பொருளே இல்லாமல் போகிறது.

இந்தியச் சட்டம் பெரிதும் நிற்பதோ அந்த ஒப்புதலின் மீதுதான். தனியுரிமை அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதைச் சுற்றி உருவான நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் அறிக்கை தந்தது, 2019இல் வந்த மசோதா 2022இல் திரும்பப் பெறப்பட்டது, கடைசியில் 2023 ஆகஸ்டில் இப்போதைய சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. தரவுப் பாதுகாப்பு வாரியம் தொடர்பான பகுதி உடனே அமலுக்கு வந்தது; நிறுவனங்களின் கடமைகளும் நம் உரிமைகளும் 18 மாதங்கள் கழித்தே உயிர்பெறுகின்றன.

அப்போது என்ன கிடைக்கும்? ஒப்புதல் தன் விருப்பப்படி, நிபந்தனையின்றி, குறிப்பிட்ட நோக்கத்துக்காக, தெளிவான ஒரு செயலின் மூலம் தரப்பட்டதாக இருக்க வேண்டும் என்கிறது 6ஆம் பிரிவு. அந்த நோக்கத்துக்குத் தேவையான விவரத்துக்கு மட்டுமே அது செல்லும். சட்டமே தரும் எடுத்துக்காட்டில், தொலைமருத்துவச் செயலி ஒன்று சிகிச்சைக்காக ஒப்புதல் கேட்கும்போது கைபேசியில் உள்ள தொடர்பு எண்களையும் சேர்த்துக் கேட்கிறது. பயனர் இரண்டுக்கும் சரி என்று சொல்லியிருந்தாலும், சிகிச்சைக்குத் தொடர்பு எண்கள் தேவையில்லை என்பதால் அந்த ஒப்புதல் சிகிச்சை விவரங்களோடு நின்றுவிடுகிறது. மின்விளக்கை எரியவைக்கும் செயலி நம் தொடர்பு எண்களைக் கேட்கும் இடத்துக்கு இது அப்படியே பொருந்தும். அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. என் தாயாரைப் போன்றவர்களுக்கு இது சிறிய விஷயமே அல்ல. கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவது, அதைக் கொடுத்த அளவுக்கு எளிதாக இருக்க வேண்டும். ஏற்கெனவே வீட்டில் இருக்கும் சாதனங்களையும் சட்டம் மறக்கவில்லை. முன்பே பெற்ற ஒப்புதலைக் கொண்டு தரவைக் கையாளும் நிறுவனம், இயன்ற விரைவில் உங்களுக்குப் புதிய அறிவிப்பு அனுப்பியாக வேண்டும். வெளிநாட்டில் சர்வர் வைத்திருந்தாலும், இந்தியாவில் உள்ளவர்களுக்குப் பொருளோ சேவையோ வழங்குவதற்காகத் தரவைக் கையாண்டால் இந்தச் சட்டம் பொருந்தும்.

தண்டத் தொகையும் சிறியதன்று. போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரையும், கசிவை வாரியத்துக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் தெரிவிக்காவிட்டால் 200 கோடி வரையும் விதிக்கலாம். கசிவின் முழு விவரம் 72 மணி நேரத்துக்குள் வாரியத்திடம் போக வேண்டும். உங்களுக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். ஆனால் அந்தத் தண்டத் தொகை முழுவதும் இந்திய அரசின் தொகுப்பு நிதிக்குப் போகிறது, பாதிக்கப்பட்டவருக்கு அதிலிருந்து ஒரு ரூபாயும் வராது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு, முக்கியமான தனிநபர் தரவை அலட்சியமாகக் கையாண்ட நிறுவனத்திடம் இழப்பீடு கோர வழி வைத்திருக்கிறது. புதிய சட்டம் முழுமையாக அமலுக்கு வரும்போது அந்தப் பிரிவு நீக்கப்படுகிறது. இதை ஒரு பெரிய இழப்பாகவே நான் கருதுகிறேன். உடல்நலம், விரல்ரேகை, முகம் போன்றவற்றுக்குத் தனியான, கூடுதலான பாதுகாப்பு என்ற வகைப்பாடும் புதிய சட்டத்தில் இல்லை. கைக்கடிகாரம் அளக்கும் இதயத் துடிப்பும் நீங்கள் வாங்கிய காலணியின் அளவும் சட்டத்தின் பார்வையில் ஒரே தட்டில் நிற்கின்றன.

இனி அந்தப் பால்காரர். சட்டத்தின் 3ஆம் பிரிவு, தனிமனிதர் ஒருவர் தம் சொந்த அல்லது வீட்டு நோக்கத்துக்காகத் தரவைக் கையாள்வதைச் சட்டத்திலிருந்து விலக்குகிறது. அது நியாயமானதே, குடும்பப் படங்களை வைத்திருப்பதற்கெல்லாம் யாரும் அறிவிப்பு கொடுக்க வேண்டியதில்லை. ஐரோப்பியச் சட்டத்திலும் இந்த விலக்கு உண்டு. எனினும் அங்கே நீதிமன்றம் அதன் எல்லையைத் தெளிவாக வரைந்திருக்கிறது. செக் நாட்டில் ஒருவர், தம் வீட்டு ஜன்னலை யாரோ உடைத்ததால் கூரையின் கீழ் கேமரா வைத்தார். அது பொது நடைபாதையையும் எதிர்வீட்டு வாசலையும் சேர்த்துப் பதிவு செய்தது. பொதுவெளியைப் பார்க்கும் கேமரா முழுக்க முழுக்க வீட்டு நோக்கத்துக்கானது ஆகாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014 டிசம்பரில் தீர்ப்பளித்தது. குடும்பத்தைக் காக்கும் அவருடைய நோக்கத்தை எடைபோட வேண்டும் என்பதையும் அதே தீர்ப்பில் சொன்னது. இங்கிலாந்தில் 2021இல் ஆக்ஸ்ஃபோர்டு கவுண்டி நீதிமன்றத்துக்கு வந்த வாசல்மணிக் கேமரா வழக்கில், படத்தைவிட ஒலிப்பதிவின் வீச்சே மிகையானது என்று நீதிபதி கண்டார். அக்கம்பக்கத்தார் தங்கள் இடத்தில் நின்று பேசுவதையும் அந்தக் கருவியால் பிடிக்க முடிந்தது. இதைப் படித்த பிறகுதான் என் பெற்றோர் வீட்டுக் கேமராவின் ஒலிப்பதிவை நிறுத்தினேன். வாசலுக்கு வருபவர் யார் என்று தெரிந்துகொள்ள அவர் பேச்சு தேவைப்படவில்லை.

இந்தியாவில் இத்தகைய கேள்வி வேறு வழியாக நீதிமன்றத்துக்கு வந்தது. ஒரே வீட்டில் வசிக்கும் சகோதரர்களில் ஒருவர், மற்றவரின் சம்மதமின்றிக் குடியிருப்புப் பகுதிக்குள் கேமரா வைத்ததை, தனியுரிமையை மீறும் செயல் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025இல் கூறியது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. அந்தத் தீர்ப்பு நின்றது அரசியலமைப்பின் தனியுரிமையின் மேல். 2023ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே தேவைப்படவே இல்லை.

ஆனால் வீட்டு விலக்கு உங்களுக்குத்தான், நிறுவனத்துக்கு இல்லை. பால்காரரின் முகம் நிறுவனத்தின் சர்வரில் ஏறியவுடன், அதைச் சேமிப்பதற்கும் அலசுவதற்கும் சட்டப்படியான அடிப்படை எது என்ற கேள்விக்கு நிறுவனமே பதில் சொல்ல வேண்டும். அவர் அறிவிப்பு எதையும் பெறவில்லை, பொத்தான் எதையும் அழுத்தவில்லை. சட்டம் இந்த மனிதரைக் கற்பனை செய்யாமலேயே எழுதப்பட்டது என்று நினைக்கிறேன். திரையின் முன்னால் ஒருவர் உட்கார்ந்து, ஓர் அறிவிப்பைப் படித்து, சரி என்று சொல்லும் காட்சியே அதன் ஒவ்வொரு வரிக்கும் அடியில் இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நிலைமை இன்னும் கூர்மையானது. வாசலில் காவலாளியின் கையில் இருக்கும் டேப்லெட், சமையல் வேலைக்கு வரும் பெண்ணைத் தினமும் காலையில் படம் எடுத்து, நுழைந்த நேரத்தையும் வெளியேறிய நேரத்தையும் குறித்துக்கொள்கிறது. குடியிருப்போர் சங்கம் தனிமனிதர் ஆகாது. வீட்டு விலக்கு அதற்குப் பொருந்தாது. சட்டம் அமலுக்கு வந்ததும் அந்தப் பெண்ணுக்கு அவர் மொழியில் அறிவிப்பு தரவும், அவர் படம் எந்த நோக்கத்துக்காக எடுக்கப்படுகிறது என்று சொல்லவும் சங்கம் கடமைப்பட்டிருக்கும் என்பது என் கருத்து. வேலை போய்விடும் என்ற அச்சத்தில் அவர் சொல்லும் சரி, தன் விருப்பப்படி தந்த ஒப்புதல் ஆகுமா என்பதை வாரியம் தீர்மானிக்க வேண்டிய நாள் வரும்.

குழந்தைகள் விஷயத்தில் சட்டம் கடுமையாகவே இருக்கிறது. 18 வயதுக்குக் குறைந்தவரின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். அவர்களைப் பின்தொடர்வதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது. கூடத்தில் இருக்கும் ஸ்பீக்கருக்கோ பேசுவது யாருடைய குழந்தை என்று தெரியாது. விளையாட வந்த பக்கத்து வீட்டுச் சிறுவனின் குரலையும் அது அதே விதமாகக் கேட்கிறது. அமெரிக்காவில் குழந்தைகளின் குரல் பதிவுகளைத் தேவைக்கு மேல் வைத்திருந்ததாகவும், பெற்றோர் அழிக்கச் சொல்லியும் முழுமையாக அழிக்கவில்லை என்றும் எழுந்த குற்றச்சாட்டை அலெக்ஸா தொடர்பாக அமேசான் 2023இல் 2.5 கோடி டாலருக்குத் தீர்த்துக்கொண்டது. வாடிக்கையாளர் வீட்டுப் படங்களை ஊழியர் ஒருவர் பார்த்தது உள்ளிட்ட புகார்களில் அதன் ரிங் கேமரா நிறுவனம் 58 லட்சம் டாலர் கட்டியதும் அதே சமயத்தில்தான்.

ஜெர்மனி எடுத்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. கெய்லா என்ற பேசும் பொம்மை, பாதுகாப்பற்ற ப்ளூடூத் வழியாக அருகில் உள்ள எவரும் இணைந்து குழந்தையோடு பேசவும் அறையில் நடப்பதைக் கேட்கவும் இடம் கொடுத்தது. 2017 பிப்ரவரியில் அந்நாட்டின் கூட்டாட்சி வலையமைப்பு முகமை அதைத் தடை செய்து, வைத்திருப்பவர்கள் செயலிழக்கச் செய்துவிட வேண்டும் என்று அறிவித்தது. அதற்குப் பயன்பட்டது தரவுப் பாதுகாப்புச் சட்டம் அல்ல. வேறு பொருள் போலத் தோற்றமளிக்கும் ஒட்டுக்கேட்புக் கருவியை வைத்திருப்பதே குற்றம் என்று சொல்லும் தொலைத்தொடர்புச் சட்டப் பிரிவு. யார் ஒப்புதல் கொடுத்தார் என்ற கேள்வியே அங்கே எழவில்லை. பொருள் மோசமானது, ஆகவே அது சந்தையில் இருக்கக் கூடாது.

வாசலில் நிற்பவரையும் சேர்த்துக் காப்பது இந்த வகைச் சட்டம்தான். 2016இல் மிராய் என்ற தீநிரல், ஆலையிலேயே வைத்துவிட்ட சுமார் 60 பயனர் பெயர், கடவுச்சொல் இணைகளை மட்டும் முயன்று பார்த்தே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது. அக்டோபர் 21 அன்று அவற்றைக் கொண்டு, இணையதளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் டைன் (Dyn) நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் போன்ற தளங்கள் பல மணி நேரம் முடங்கின. அதன் பிறகே நாடுகள் விழித்தன. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எளிதில் ஊகிக்கத்தக்க பொதுக் கடவுச்சொல்லோடு ஸ்மார்ட் சாதனத்தை விற்கக் கூடாது. எத்தனை காலம் பாதுகாப்பு அப்டேட் வரும் என்பதையும் விற்கும்போதே சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் தாங்குதிறன் சட்டம் 2027 டிசம்பரில் முழுமையாக அமலுக்கு வரும்போது, பொதுவாகக் குறைந்தது 5 ஆண்டுகள் அப்டேட் தருவது தயாரிப்பாளரின் கடமையாகிறது. இந்தியாவில் சிசிடிவி கேமராக்களுக்கு மட்டும் 2025 ஏப்ரல் முதல் கட்டாயப் பாதுகாப்புச் சோதனை வந்திருக்கிறது. மற்ற வீட்டுச் சாதனங்களுக்குத் தொலைத்தொடர்புப் பொறியியல் மையம் 2021இல் வெளியிட்ட நெறிமுறை இருந்தாலும், அது வழிகாட்டுதலோடு நின்றுவிடுகிறது. அதைக் கட்டாயமாக்குவது, ஒப்புதல் படிவங்களைச் செம்மைப்படுத்துவதைவிடப் பல மடங்கு பயன் தரும் என்பது இத்துறையைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவரும் என் உறுதியான எண்ணம்.

முறையீட்டுக்கு வருவோம். புதிய சட்டத்தின்படி முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடம் புகார் தர வேண்டும். அவர்கள் 90 நாள்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். அதில் திருப்தி இல்லாவிட்டால் தரவுப் பாதுகாப்பு வாரியம், அதற்கு மேல் தொலைத்தொடர்புத் தகராறுத் தீர்ப்பாயம். அந்த உரிமை அமலுக்கு வரும்வரை, முன்பு சொன்ன 43ஏ பிரிவு நீங்கலாக, கையில் உள்ள வழிகள் இரண்டு. நுகர்வோர் நம்பிக்கையோடு கொடுத்த தனிப்பட்ட விவரத்தைச் சட்டத்துக்குப் புறம்பாகப் பிறருக்குத் தருவது முறையற்ற வணிக நடைமுறை என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இழப்பீடும் கேட்கலாம். வாரியத்திடம் கிடைக்காத அந்த ஒன்று இங்கே கிடைப்பதால் இந்தக் கதவை யாரும் மறந்துவிடக் கூடாது. ஒருவரின் அந்தரங்கமான படம் அவர் சம்மதமின்றி எடுக்கப்பட்டோ பரப்பப்பட்டோ இருந்தால் அது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்கீழ் குற்றம். சைபர் குற்றப் பிரிவுக் காவல்துறையிடம் நேரே போகலாம்.

எந்த வழியில் போனாலும் சான்று வேண்டும். ஆகவே சாதனத்தைப் பொருத்தும்போதே ஒப்புதல் திரையையும் தனியுரிமைக் கொள்கையையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனங்கள் அந்தப் பக்கங்களைப் பின்னர் மாற்றிவிடுவதுண்டு. ஆலை தந்த கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள். மெமரி கார்டில் பதிவு செய்யும் வசதி இருந்தால், சர்வரில் சேமிப்பதைவிட அதைத் தேர்ந்தெடுங்கள். டிவியின் அமைப்புகளில் பார்வைத் தகவலை அனுப்பும் வசதி எந்தப் பெயரில் ஒளிந்திருந்தாலும் தேடி நிறுத்துங்கள். கேமராவின் கோணத்தை உங்கள் வாசற்படியோடு நிற்கும்படி தாழ்த்தி, உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருபவரிடம் அது எதைப் பார்க்கிறது, எத்தனை நாள் வைத்திருக்கிறது என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள். என் பெற்றோர் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவிடம் நான் சொன்னபோது, அவர் கேட்ட முதல் கேள்வி, அந்தப் படத்தைத் தானும் பார்க்க முடியுமா என்பதுதான். செயலியைத் திறந்து காட்டினேன். முந்தைய நாள் மழையில் நனைந்தபடி தான் வந்த காட்சியைப் பார்த்துவிட்டு, அதை அழித்துவிடச் சொன்னார், அழித்தேன்.